என்-3 சாலையில் பனிக்குள் 22 மணி நேரம்: ஸ்கீ இருந்திருந்தால் நடந்து வந்திருக்கலாமா?

கடலோரம் (சாட்ஸ்வொர்த்)
23 செப்டம்பர் 2024, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை மாலை ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குக் கிளம்பினோம். நான், கணவர், மாமியார், ஒன்பது வயது மகள். செவ்வாய் பாரம்பரிய தினம், நடுவில் ஒரு நாள் லீவு போட்டால் ஐந்து நாள் அம்மா வீட்டில் இருக்கலாம் என்று திட்டம். ஹாரிஸ்மித் நெருங்கும்போது பனி கொட்ட ஆரம்பித்தது. இரவு பதினொரு மணிக்கு முன்னால் போன லாரி நின்றது, நாங்களும் நின்றோம். மறுபடி நகர்ந்தது சனிக்கிழமை இரவு ஒன்பதுக்கு.

ஒரு காட்சி மனதை விட்டுப் போகவில்லை. விடிந்ததும் சாலைக்கு இடது பக்கம் ஒரு பண்ணை வீடு தெரிந்தது. புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. நேர்கோட்டில் 2 கிலோமீட்டர்கூட இருக்காது. கணவர் இறங்கி நடந்து பார்த்தார். இருபது அடி போவதற்குள் தொடை வரை புதைந்துவிட்டார். ஒவ்வொரு காலையும் கையால் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் கால்சட்டை நனைந்து, நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். பிற்பகலில் அந்த வீட்டுக்காரரே டிராக்டரில் வெந்நீரும் ரொட்டியும் கொண்டுவந்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

நார்வே, பின்லாந்து நாடுகளில் காலில் ஸ்கீ என்னும் நீளக் கட்டை கட்டிக்கொண்டு வெகுதூரம் போகிறார்களே, அந்தக் கட்டை எங்களிடம் இருந்திருந்தால் அந்த 2 கிலோமீட்டரைக் கடந்திருக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வடக்குக்காற்று (உம்லாங்கா)
23 செப்டம்பர் 2024, இரவு 9.55

அக்கா, நல்லபடியாக வந்து சேர்ந்தீர்களே, அதுவே பெரிய விஷயம். நான் 11 வருடம் ஆஸ்லோவில் வேலை பார்த்தவன். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ஸ்கீ வேறு, நீங்கள் கேட்பது வேறு. மலை உச்சிக்கு இழுவைக் கம்பியில் ஏறி, அங்கிருந்து சரிவில் பாய்ந்து இறங்குவது ஒரு வகை. அதில் காலணியின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் கட்டையோடு பூட்டிவிடுவார்கள். லெசோத்தோவில் ஆஃப்ரிஸ்கீ மலை விடுதியில் நடப்பது அதுதான். இன்னொன்று, சமவெளியிலும் மேட்டிலும் பள்ளத்திலும் ஊர்விட்டு ஊர் போவதற்கானது. அதில் கால்விரல் பக்கம் மட்டும்தான் பூட்டு. குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேலே எழும்பும். அதாவது அது நடை. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வழுக்கல் இலவசமாகக் கிடைக்கும் நடை.

உங்கள் கணவர் ஏன் புதைந்தார் என்பதற்கு ஒரு கணக்கு. என் எடை 72 கிலோ. என் காலணி ஒன்றின் அடிப்பரப்பு சுமார் 220 சதுர சென்டிமீட்டர். ஒரு காலை ஊன்றும்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பனியும் 327 கிராமைத் தாங்க வேண்டும். 2 மீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கட்டையில் நின்றால் அதே எடை 1200 சதுர சென்டிமீட்டருக்குப் பரவும். 60 கிராம்தான். புதுப்பனியில் அப்போதும் கொஞ்சம் அமுங்கும், ஆனால் தொடை வரை போகாது.

நாற்று நடுவதற்கு முன் சேற்று வயலில் பரம்படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வெறுங்காலோடு இறங்கினால் முழங்கால் வரை போகும் அதே சேற்றில், பரம்புப் பலகை மேல் ஓர் ஆள் நிற்க, மாடு இழுக்க, பலகை மேலாகவே வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பலகையை இரண்டாகப் பிளந்து காலில் கட்டிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்லோவில் எனக்கு முதலில் ஆச்சரியம் தந்தது மெட்ரோ ரயில். முதல் எண் தடத்தில் ஃப்ரோக்னர்செட்டரன் வரை போகும் ரயிலில், வேலை முடிந்த மாலையில், பாதிப் பேர் கையில் ஸ்கீ இருக்கும். கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் காடு. காட்டுக்குள் தெருவிளக்கு போட்ட பனித்தடம். இருட்டில் இரண்டு மணி நேரம் போய்விட்டு, வேறொரு நிறுத்தத்தில் ரயிலேறி வீட்டுக்குப் போவார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: பழகியவர் என்றால் அந்த 2 கிலோமீட்டரை, தடமில்லாத பனியிலும், முக்கால் மணி நேரத்துக்குள் கடந்திருப்பார். பழகாதவர் முடியாது.

---

செவிலி_பீட்டர்மாரிட்ஸ்பர்க்
24 செப்டம்பர் 2024, காலை 6.15

இரவுப் பணி முடித்துவிட்டு வந்து படிக்கிறேன். தம்பி எழுதியதெல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் இதைப் படித்துவிட்டு அடுத்த பனியில் யாராவது வண்டியை விட்டு இறங்கி நடந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. அதனால் அழுத்திச் சொல்கிறேன்: பனிப்புயலில் வண்டிக்குள்ளேயே இருங்கள். வண்டி காற்றைத் தடுக்கிறது. தேடி வருபவர்கள் கண்ணுக்கு ஓர் ஆளைவிட வண்டி சீக்கிரம் தென்படும்.

நனைந்த துணிதான் முதல் எதிரி. கடலோரம் அக்கா கணவர் பத்து நிமிடத்தில் திரும்பியது மிகச் சரியான முடிவு. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் முதலில் நடுக்கம், அப்புறம் பேச்சு குழறும், அப்புறம் யோசனையே தடுமாறும். அந்த நிலையில் இருப்பவருக்குத் தான் தடுமாறுவதே தெரியாது.

இன்னொன்று, சூட்டுக்காக எஞ்சினை ஓடவிடுபவர்கள் முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிப் போடுங்கள். குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். அதற்கு வாசனையே கிடையாது. மணிக்குப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்து வையுங்கள்.

---

வடக்குக்காற்று (உம்லாங்கா)
24 செப்டம்பர் 2024, காலை 7.30

செவிலி அக்கா சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டாம். பனியிலேயே பிறந்து வளர்ந்த நார்வேக்காரர்களுக்கே மலை விதிகள் என்று ஒன்பது இருக்கின்றன. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலையில் பலர் இறந்த பிறகு நாடு முழுக்கப் பரப்பப்பட்டவை. அதில் எல்லாருக்கும் மனப்பாடமான ஒன்று, நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. இன்னொன்று, தெம்பைச் சேமித்துக்கொள், தேவையானால் ஒதுங்க இடம் தேடிக்கொள் என்பது. கடலோரம் அக்கா கணவர் அந்தத் திரும்பும் விதியைக் கேள்விப்படாமலேயே கடைப்பிடித்திருக்கிறார்.

---

மலைச்சாலை (லேடிஸ்மித்)
24 செப்டம்பர் 2024, பகல் 1.05

நான் பத்து வருடமாக லெசோத்தோவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறேன். பெரும்பாலும் மசேரு பக்கம், சில நேரம் பக்கியில் (சிறு சரக்கு வண்டி) சானி கணவாய் வழியாக மொக்கோட்லோங். கணவாயின் உச்சி 2876 மீட்டர். ஜூன், ஜூலையில் அங்கே பனியைப் பார்க்காமல் வந்ததே குறைவு.

ஆனால் ஸ்கீயில் போகும் ஊர்க்காரர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. இது ஏன் என்று வடக்குக்காற்று தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து யோசிக்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான். நம் பக்கப் பனி தங்குவதில்லை. இன்று முழங்கால் அளவு, நாளை வெயில், மூன்றாம் நாள் வடக்குப் பார்த்த சரிவெல்லாம் மஞ்சள் புல். மிச்சமிருப்பதையும் காற்று வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் குவிக்கும். ஒரு பக்கம் வெறும் பாறை, பத்தடி தள்ளி இடுப்பளவு. இந்த மண்ணில் ஐந்து மாதம் விடாமல் கிடக்கும் பனி கிடையாது. அதனால் கட்டை செதுக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை.

அங்கே அந்த வேலையைக் குதிரை செய்கிறது. பசோத்தோக் குதிரை குட்டையானது, கால் ஊன்றும் இடம் தெரிந்தது. கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, முகத்தை மூடிய தொப்பியோடு, பனி மூடிய பாதையில் மாவு மூட்டையோடு போகிறவரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாறையும் பனியும் மாறி மாறி வரும் பாதைக்குக் குதிரைதான் சரி. ஸ்கீயாக இருந்தால் நூறு அடிக்கு ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டும்.

---

கரும்புக்கணு (டொங்காட்)
24 செப்டம்பர் 2024, மாலை 4.20

விடுமுறை நாளில் நல்ல விவாதம். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியன் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழில் இதற்குப் பனிச்சறுக்கு என்று எழுதிவிடுகிறோம். அந்தச் சொல் சரிவில் வழுக்கி இறங்குவதை மட்டும் காட்டுகிறது. மேட்டில் ஏறுவதும் சமவெளியில் நடப்பதும் அதில் இல்லை. ஸ்கீ என்ற சொல்லுக்கு மூலமான பழைய நார்ஸ் மொழிச் சொல்லின் பொருள் பிளந்த மரத்துண்டு. நம் மொழியில் அதற்கு அப்படியே ஒரு சொல் இருக்கிறது: பிளாச்சு. மூங்கில் பிளாச்சு, பனம் பிளாச்சு என்கிறோமே, அதுதான். பனிப்பிளாச்சு என்று சொன்னால் பொருளும் மூலமும் ஒன்றாக அமைகின்றன. அதில் போவதைப் பிளாச்சுநடை எனலாம். ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

இது எவ்வளவு பழமையானது என்பது பலருக்குத் தெரியாது. சுவீடனில் கால்வ்ட்ரெஸ்க் என்ற ஊருக்கு அருகே 1924-ல் சதுப்பு நிலத்திலிருந்து ஓர் இணை கிடைத்தது. வயது சுமார் 5200 ஆண்டு. கூடவே ஒரு கோலும் கிடைத்தது. அந்தக் கோலின் ஒரு முனை மண்வெட்டி போலத் தட்டையானது. ஊன்றவும் அதுவே, பனியை அள்ளவும் அதுவே. பிழைப்புக்காகப் பனியில் போன மனிதனின் பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்றும் அல்டாய் மலைகளில் அடிப்பக்கத்தில் குதிரைத்தோல் ஒட்டிய பிளாச்சும் ஒற்றைக் கோலுமாக வேட்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் மனதில் நின்றவர் ஒரு தபால்காரர். நார்வேயின் டெலமார்க்கில் 1827-ல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போனவர். அங்கே ஜான் தாம்சன் என்று பெயர். கலிபோர்னியாவின் பிளேசர்வில்லுக்கும் சியரா நெவாடா மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெனோவாவுக்கும் இடையே பனிக்காலத்தில் தபால் நின்றுபோகும். 1856-ல் இவர் தானே ஓக் மரத்தில் பிளாச்சு செதுக்கி, முதுகில் மூட்டையோடு கிளம்பினார். சுமார் 145 கிலோமீட்டர். போக மூன்று நாள், திரும்ப இரண்டு நாள். ஏறக்குறைய இருபது பனிக்காலம் இப்படிப் போய் வந்தார். கடிதத்தோடு மருந்தும் கொண்டுபோனார். அந்த வேலைக்கு உரிய ஊதியம் கேட்டு வாஷிங்டனுக்கே போனார். கிடைக்கவில்லை. 1876-ல் இறந்துபோனார்.

ட்ரூரோ கப்பலில் நம் முன்னோர் 342 பேர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்து வந்து 1860 நவம்பர் 16-ல் டர்பன் கரையைக் கண்டபோது, அந்த மனிதர் அமெரிக்காவில் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தபால் சுமந்துகொண்டிருந்தார். பிழைக்கப் போன மண்ணில் உழைப்பைக் கொடுத்துவிட்டுக் கூலிக்குக் காத்திருந்தவர் என்பதால் அவர் கதை எனக்கு அந்நியமாகப் படவில்லை.

---

கடலோரம் (சாட்ஸ்வொர்த்)
24 செப்டம்பர் 2024, இரவு 7.10

ஐயா, பிளாச்சு என்ற சொல்லை என் ஆயா சொல்லிக் கேட்டது. நாற்பது வருடம் கழித்து இன்று காதில் விழுகிறது. நன்றி.

செவிலி அக்கா சொன்ன பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. நாங்கள் வண்டியை விட்டு இறங்கியிருக்கக் கூடாது, சரி. ஆனால் எங்களை நோக்கி யாராவது வந்திருக்கலாமே? எங்களுக்குப் பின்னால் இருந்த வண்டியில் சர்க்கரை நோயாளி ஒருவர். அவர் மனைவி ஒவ்வொரு வண்டியாகத் தட்டிச் சாப்பிட ஏதாவது கேட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் கோயில் பிரசாதமாக வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்தோம். அவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்ததால் அது உதவியது. சாலையில் லாரிகள் குறுக்கே கிடந்ததால் மீட்பு வண்டி எதுவும் நுழைய முடியவில்லை. சாலைக்கு வெளியே பனிமேல் வரக்கூடிய பத்துப் பேர், ஆளுக்குப் பத்துக் கிலோ சாமானோடு வந்திருந்தால்?

---

வடக்குக்காற்று (உம்லாங்கா)
24 செப்டம்பர் 2024, இரவு 9.30

அக்கா, இதுதான் சரியான கேள்வி. வண்டி சாலையை விட்டு விலக முடியாது. ஸ்கீக்காரருக்குச் சாலையே வேண்டாம். 1939-40 பனிக்காலப் போரில் பின்லாந்துக்காரர்கள் இதை வைத்துத்தான் தாக்குப்பிடித்தார்கள். ராத்தே சாலையில் சோவியத் படை டாங்கியும் லாரியுமாக ஒற்றைச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு நின்றது. பின்லாந்துக்காரர்கள் இரண்டு பக்கக் காட்டிலிருந்தும் ஸ்கீயில் வந்து அந்த வரிசையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். உங்கள் என்-3 வரிசையைச் செய்தியில் பார்த்தபோது எனக்கு அந்தச் சாலைதான் நினைவுக்கு வந்தது.

பத்துக் கிலோவை முதுகில் சுமக்கவும் வேண்டாம். இடுப்பில் வார் கட்டி, பின்னால் சிறு சறுக்குத் தொட்டி ஒன்றை இழுப்பார்கள். அதற்கு நார்வேயில் புல்க் என்று பெயர். குழந்தையைக் கம்பளியில் சுற்றி அதில் உட்காரவைத்து அப்பா இழுத்துப் போவதை ஆஸ்லோவில் ஞாயிறுதோறும் பார்க்கலாம். 1888-ல் நான்சென் ஐந்து பேரோடு கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தபோதும் ஸ்கீயும் இழுவைச் சறுக்குவண்டியும்தான். நார்வே செஞ்சிலுவைத் தொண்டர்கள் ஈஸ்டர் விடுமுறையில் மலையில் இன்றும் காவல் இருக்கிறார்கள்.

மேட்டில் எப்படிப் பின்னால் வழுக்காமல் ஏறுவது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். ஸ்கீ நேரான பலகை இல்லை, நடுவில் வில் போல மேலே வளைந்தது. இரண்டு காலிலும் எடை இருக்கும்போது நடுப்பகுதி பனியைத் தொடாது, முன்னும் பின்னும் மட்டும் வழுக்கும். ஒரு காலில் முழு எடையையும் போட்டு உதைத்தால் நடுப்பகுதி அமுங்கிப் பனியைக் கவ்வும். அந்த நடுப்பகுதியில்தான் பிடிமெழுகு தடவுவார்கள். கடுங்குளிருக்குப் பச்சை, அதைவிடக் குறைந்த குளிருக்கு நீலம், பூஜ்யத்தை ஒட்டினால் சிவப்பு. உருகி மறுபடி உறைந்த பனிக்குப் பிசின் மாதிரி ஒரு பசை. மெழுகு வேண்டாம் என்றால் மீன் செதில் மாதிரி வெட்டு உள்ளதையோ, முடித்தோல் ஒட்டியதையோ வாங்கலாம். நெற்கதிரை அடியிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்கும், நுனியிலிருந்து அடிக்கு உருவினால் குத்தும் அல்லவா, முடித்தோல் அப்படித்தான்.

நம் டிராக்கன்ஸ்பர்க் பனி பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியது. மெழுகுக்கு மிகவும் சிரமமான பனி அதுதான். இங்கே செதில் வெட்டு உள்ள, அகலமான, குட்டையான கட்டைதான் பொருந்தும்.

---

மலைச்சாலை (லேடிஸ்மித்)
25 செப்டம்பர் 2024, காலை 5.50

தம்பி சொல்வதில் ஒரு சிக்கல். கட்டை வாங்கி ஹாரிஸ்மித்தில் அடுக்கி வைத்துவிடலாம். ஆள்? சாலையை மூடும் அளவுக்குப் பனி சில வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். நடுவில் எங்கே பழகுவார்கள்? பழகாதவர் கையில் அது கால் முறியும் வழி. அன்று டிராக்டர் வந்தது. அந்தப் பக்கம் ஒவ்வொரு பண்ணையிலும் டிராக்டர் இருக்கிறது, ஓட்டத் தெரிந்த ஆள் இருக்கிறார். யார் வீட்டில் டிராக்டர், யார் எண் என்ன என்ற பட்டியல் கையில் இருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருக்கும். என் ஓட்டு டிராக்டருக்கு.

ஆனால் டிராக்டர் போக முடியாத வேலியும் வாய்க்காலும் சரிவும் இருக்கின்றன. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

---

வடக்குக்காற்று (உம்லாங்கா)
25 செப்டம்பர் 2024, காலை 8.15

அண்ணே, பழகுவதற்குப் பனி வேண்டாம். நார்வேக்காரர்கள் கோடையில் சக்கர ஸ்கீயில் பழகுகிறார்கள். முக்கால் மீட்டர் நீளக் கட்டை, முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒன்று, அதே காலணி, அதே கோல். நம் நாட்டுக்காக 2006-லும் 2010-லும் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்த நெடுந்தூர ஸ்கீயில் ஓடிய ஆலிவர் கிராஸ் என்பவரே இருக்கிறார். பனியில்லாத நாட்டுக்காரர் என்று ஒதுங்கவேண்டிய அவசியமில்லை.

நானும் இரண்டு வருடமாக டர்பன் கடற்கரை நடைபாதையில் விடியற்காலையில் சக்கர ஸ்கீ ஓட்டுகிறேன். உஷாக்காவிலிருந்து ப்ளூ லகூன் வரை போய்த் திரும்பி வருவேன். வலது பக்கம் கடல், கோல் ஊன்றும் சத்தம், சூரியன் எழுந்து வரும். ஆஸ்லோ காட்டில் கிடைத்த அதே மூச்சு இங்கேயும் கிடைக்கிறது. முதல் வாரம் நிலைகொள்ளவே சிரமப்படுவீர்கள். மூன்றாம் வாரம் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது உடம்புக்குப் பிடிபடும். அந்த எடை மாற்றம்தான் இந்த வித்தை முழுவதும். என்னிடம் இரண்டு இணை கூடுதலாக இருக்கின்றன.

---

செவிலி_பீட்டர்மாரிட்ஸ்பர்க்
25 செப்டம்பர் 2024, பகல் 12.40

தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு. மூன்றும் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள் தம்பி. கீழே விழும்போது எல்லாரும் கையைத்தான் ஊன்றுவார்கள். மணிக்கட்டு முறிந்து வருகிறவர்களை வாரத்துக்கு நான்கு பேரைப் பார்க்கிறேன்.

---

கரும்புக்கணு (டொங்காட்)
25 செப்டம்பர் 2024, மாலை 5.05

மலைச்சாலை சொன்ன பண்ணைப் பட்டியல் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஹாரிஸ்மித், வான் ரீனன் பக்கம் சரக்கு ஓட்டும் நம்மவர்கள் பத்துப் பேராவது இந்தக் களத்தில் இருப்பார்கள். வழியில் தெரிந்த பண்ணைக்காரர்களிடம் சம்மதம் கேட்டு எண்களைத் தொகுக்க முடியுமா? அதற்கு என்னால் ஆன எழுத்து வேலையைச் செய்கிறேன். எண்களைப் பொதுவில் போட வேண்டாம், எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

---

மலைச்சாலை (லேடிஸ்மித்)
25 செப்டம்பர் 2024, இரவு 8.20

ஐயா, என்னிடம் மூன்று எண் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்த வழியாகப் போகிறேன், அவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.

---

கடலோரம் (சாட்ஸ்வொர்த்)
25 செப்டம்பர் 2024, இரவு 9.00

தம்பி, ஞாயிறு காலை நானும் மகளும் வருகிறோம். கணவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். என் காலணி அளவு 5. மகளுக்கு உங்களிடம் இருக்காது என்று தெரியும், அவள் சைக்கிளில் கூட வருவாள்.

---

வடக்குக்காற்று (உம்லாங்கா)
25 செப்டம்பர் 2024, இரவு 9.12

அளவு 6 இருக்கிறது அக்கா. தடித்த காலுறை இரண்டு போட்டுக்கொண்டு வாருங்கள். 5.15-க்கு உஷாக்கா வாகன நிறுத்தத்தில் இருப்பேன். 6.30-க்கு மேல் நடைபாதையில் கூட்டம் சேர்ந்துவிடும்.